மாப்பிள்ளைக் காரின் காய்ச்சல்

எங்கள் குடும்பத்தில் அந்த ஆண்டுகளில் காய்ச்சல் என்றால் அது அத்தானின் காருக்கு வருவது. மனிதருக்கு வந்தால் ‘உடம்பு சரியில்லை’ என்று மாற்றிச் சொல்லப் பழகியிருந்தோம். அத்தான் ஓட்டம் முடிந்து வந்து வாசலில் காரை நிறுத்தியதும் அக்கா அடுப்பை விட்டு வந்து குசினி ஜன்னலால் கேட்பது ஒரே கேள்விதான்.

“காய்ச்சல் கீச்சல் வந்ததா?”

“இல்ல. பாதிக்கு மேல ஏறல்ல.”

பாதி என்பது ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சிறிய வட்டத்தில் என்ஜினின் சூட்டைக் காட்டும் முள்ளின் பாதி. அதற்கு மேலே சிவப்புக் கோடு இருந்தது. அக்கா அந்தக் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்த நாட்கள் மிகக் குறைவு. ஆனால் அந்த முள் எங்கே நிற்கவேண்டும் என்பது அவளுக்கு அத்தானைவிட நன்றாகத் தெரியும்.

அது ஜெர்மனியில் செய்த கறுப்புக் கார். கொழும்பில் ஏதோ ஒரு தூதரகத்துக்காக ஓடிவிட்டு விலைக்கு வந்தது. அத்தான் வளைகுடாவில் ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு அதே வகைக் காரைப் பல வருடங்கள் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பியபோது எல்லோரும் வான் வாங்கு, லொறி வாங்கு என்றார்கள். அவர் தான் உழைத்தது முழுவதையும் இந்தக் காரில் போட்டார். கணக்குப் பிழை என்று சொல்லமுடியாது. மட்டக்களப்பில் அப்போது கல்யாணத்துக்கு வாடகைக்கு விட அப்படி ஒரு கார் வேறு யாரிடமும் இருக்கவில்லை. களுவாஞ்சிக்குடியிலிருந்து வாழைச்சேனை வரை, கொஞ்சம் வசதியுள்ள மாப்பிள்ளைகள் அதில் ஏறித்தான் பெண் வீட்டுக்குப் போனார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கல்யாணங்களும் நடந்தன. அக்கா குடும்பம் அந்தக் கல்யாணங்களில் சாப்பிட்டது.

பயம் என்ஜினில் இருந்தது. அதன் மேல்பாகத்தை, கராஜில் ஹெட் என்று சொல்வதை, அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் அது வளையும், அல்லது வெடிக்கும். ஜப்பான் வானுக்கு அப்படி நடந்தால் பழைய சாமான் கடையில் ஒன்றைத் தேடி எடுக்கலாம். இந்தக் காருக்கு ஒரு ஹெட் எடுக்கிற விலைக்கு அந்த வானையே எடுக்கலாம். எடுத்தாலும் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவரவேண்டும். ஒரு டோர்ச் பற்றரியையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற சென்றிகளில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடிகளில், துளை துளையாக இருக்கும் அவ்வளவு பெரிய உலோகம் என்னவென்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கவேண்டும்.

ஏறாவூரில் கராஜ் வைத்திருந்த, நாங்கள் காக்கா என்று அழைக்கும் முஸ்லிம் பெரியவர்தான் காரைப் பார்ப்பவர். முதல் நாளே அத்தானிடம் சொல்லிவிட்டார்.

“இது மகாராசாட புள்ள. கோபம் வந்தா மறுகா சமாதானம் இல்ல. முள்ளு ஏறினா என்ஜினை உடன நிப்பாட்டாதீங்க, உள்ளுக்க தண்ணி ஓடாம கொதிச்சிரும். நிழல்ல நிண்டு ஓடவிடுங்க, ஹீற்றரப் போடுங்க. பச்சத்தண்ணி ஊத்தினீங்களோ, ஹெட் முடிஞ்சுது.”

“முடிஞ்சா எப்பிடித் தெரியும், காக்கா?”

“காலத்தால ஒயில் மூடியத் திறந்து அடிப்பக்கத்தப் பாருங்க. கறுப்பா இருந்தா அல்ஹம்துலில்லாஹ். பால்தேத்தண்ணி மாதிரி வெள்ளையா கண்டீங்களெண்டா, அள்ளாண, என்னட்டக் கொண்டு வராதீங்க. வித்துப்போடுங்க.”

அன்றிலிருந்து அத்தான் முகம் கழுவுவதற்கு முன்பு ஒயில் மூடியைப் பார்த்தார்.

ஹீற்றர் என்பது ஜெர்மனியின் குளிருக்காக வைத்தது. மட்டக்களப்பு வெயிலில் அதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அது என்ஜினில் இருக்கும் சூட்டை இழுத்துக் காருக்குள் இருப்பவர்கள் மீது ஊதும். அவ்வளவு சூடு என்ஜினில் குறையும்.

நான் அப்போது கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் மட்டக்களப்புச் செய்தியாளன். எனக்குச் சிங்களம் தெரியும். அத்தானுக்கு அரபு தெரியும், சிங்களம் தெரியாது. ஆகவே தூர ஓட்டங்களுக்கு என்னை முன் இருக்கையில் ஏற்றிக்கொள்வார். சென்றியில் பேசுவது என் வேலை. பத்திரிகை அட்டையை நான் வெளியே எடுப்பதில்லை, அது கேள்விகளைக் கூட்டும்.

சென்றிகளில் வாகனத்தை நிறுத்தியதும் என்ஜினை அணைக்கவேண்டும். பயணிகள் இறங்கி நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் நிற்கவேண்டும். காக்காவின் சட்டமும் சென்றியின் சட்டமும் ஒன்றையொன்று வெட்டின. என்ஜினை ஓடவிட்டு நிற்கிற கார் சிப்பாய்களின் கண்ணுக்குத் தப்பி ஓடப் பார்க்கிற கார். அணைத்த பிறகு கிளம்பமுடியாமல் நிற்கிற கார் வெடிக்கக்கூடிய கார். அத்தான் ஒவ்வொரு முறையும் சென்றியை நெருங்கும்போது முதலில் முள்ளைப் பார்ப்பார், பிறகுதான் துப்பாக்கியைப் பார்ப்பார்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்: “மச்சான், காய்ச்சலுக்குச் சிங்களத்தில என்ன?”

“உண.”

“உண,” என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். ஏன் கேட்கிறார் என்று நானும் கேட்கவில்லை.

அது ஒரு ஆவணிக் கல்யாணம். மாப்பிள்ளை மட்டக்களப்பு நகரத்தவர், ஒரு கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர், அதிகம் பேசாதவர். பெண் வீடு வாழைச்சேனை. வயல்கள் அறுத்துக் காய்ந்து கிடந்த காலம். மேற்கிலிருந்து அந்தச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு கச்சான் காற்று வீசியது.

முதலில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிள்ளையார் கோயில் வரை மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போகவேண்டும். நெடுஞ்சாலைகளில் பறப்பதற்காகச் செய்த என்ஜின் தவில்காரரின் காலடிக்குப் பின்னால் ஊர்ந்தது. ஒவ்வொரு சந்தியிலும் மேளம் நின்று வாசித்தது. நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து விடாமல் இழுத்தபோது சனம் கைதட்டியது.

“இந்த மனிசன் எப்ப மூச்சு விடுவான்?” என்றார் அத்தான், முள்ளைப் பார்த்தபடி.

இதைவிட மோசமானது பூ. காரின் முன்முகம் முழுவதையும் அலங்காரக்காரர்கள் மூடியிருந்தார்கள். வெள்ளித்தாள் ஒட்டிய பெரிய அட்டை இதயம், அதைச் சுற்றி நெருக்கமாகக் கட்டிய மல்லிகையும் செவ்வந்தியும். காற்று உள்ளே போகும் கம்பிச் சட்டம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கோயிலில் பூசை முடிந்ததும் அத்தான் மாப்பிள்ளையின் அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, முன்னுக்கு இருக்கிற பூவ மட்டும் கழட்டுவமா? காருக்கு மூச்சு முட்டுது.”

“என்னண்ண கதைக்கிறீங்க? பூசை வெச்சு எடுத்த பூ. பொண்ணுட வாசலுக்குப் போக முந்தி பிய்க்கிறதா? நல்ல காரியத்துக்குப் போகக்குள்ள அபசகுனமா ஒண்டும் கேக்காதீங்க.”

அத்தான் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். உறவினர்கள் ஏறிய வான் முன்னால் போய்விட்டது. எங்கள் காரில் மாப்பிள்ளையும் அவருடைய அக்காவும் பின்னால், நானும் அத்தானும் முன்னால்.

வேகம் எடுத்தால் முள் இறங்கும் என்பது அவருடைய கணக்கு. வழக்கமாக அப்படித்தான். அன்று ஏறாவூர் தாண்டியும் இறங்கவில்லை. செங்கலடியில் பாதியைத் தாண்டியது. அத்தான் குளிரூட்டியை நிறுத்தினார். இன்னும் ஏறியது. கண்ணாடிகளை இறக்கச் சொல்லிவிட்டு ஹீற்றரை முழுவதும் திறந்தார். வெளியே கச்சான், உள்ளே ஜெர்மன் குளிர்காலத்துக்கான சூடு.

“அண்ண, இதென்ன நெருப்புக் காத்து?” என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. “தம்பிய மாப்பிளையாக் கொண்டு போறீங்களா, கருவாடாக் கொண்டு போறீங்களா?”

“கொஞ்சம் பொறுங்க தங்கச்சி. காருக்குக் காய்ச்சல்.”

“காருக்குக் காய்ச்சலெண்டா நாங்க ஏன் வேர்க்கிற?”

மாப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றலாமா என்று கேட்டார். அவள் விடவில்லை. திரும்பிப் பார்த்தேன். பட்டுச் சட்டை மார்போடு ஒட்டியிருந்தது. நெற்றியின் சந்தனம் கரைந்து மூக்கு வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

வழியில் நிற்கமுடியாது. இரண்டு பக்கமும் பற்றைகளை வெட்டி வெளியாக்கிய வீதி அது. காரணமில்லாமல் நிற்கிற வாகனத்தை யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று தெரியாது. முள் சிவப்புக் கோட்டைத் தொடப்போன நேரம், தூரத்தில் தார்ப் பீப்பாய்களும் வேப்பமரமும் தெரிந்தன.

“சென்றியில நிழல் இரிக்கி,” என்றார் அத்தான். “அங்க நிண்டு ஓடவிட்டா இறங்கிரும். என்ஜினை நிப்பாட்ட ஏலாதெண்டு நீ சொல்லு மச்சான். எப்பிடியாவது சொல்லு.”

ஆனால் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. வேப்பமரத்தடியில் கார் நின்றதும் ஒரு சிப்பாய் என் பக்கக் கதவைத் திறந்து இறங்கச் சொன்னார். மாப்பிள்ளையின் அக்காவையும் இறக்கினார். கல்யாணக் காரில் மாப்பிள்ளையை மட்டும் இறக்காமல் விடுவது அந்த வீதியில் எழுதாத சலுகை. எங்களைத் தகரக் கொட்டிலுக்குள் அட்டை பார்க்கும் மேசைக்கு அனுப்பினார்கள். திரும்பிப் பார்த்தபோது இன்னொருவர், கோப்ரல், அத்தானின் ஜன்னலில் குனிந்திருந்தார். என்ஜினை அணை என்று கையால் காட்டினார். அத்தான் அணைக்கவில்லை. அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

“மாத்தயா, உண! லொக்கு உண!”

ஐயா, காய்ச்சல், பெரிய காய்ச்சல். தனக்குத் தெரிந்த முழுச் சிங்களத்தையும் அவர் அதில் போட்டிருந்தார்.

கோப்ரல் காருக்குள் பார்த்தார். பின் இருக்கையில் தலைப்பாகையோடு ஒரு மனிதர் வியர்வையில் குளித்துச் சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தார். மலேரியா அந்தப் பகுதியில் அவர்களையும் எங்களையும் ஒரே மாதிரி வீழ்த்திக்கொண்டிருந்த காலம். கோப்ரல் மணல் மூட்டைப் பக்கம் திரும்பிச் சத்தமிட்டார். கையில் சிறிய பெட்டியோடு ஒருவர் ஓடிவந்தார். மாப்பிள்ளையை இறங்கச் சொன்னார்கள், இறங்கினார். விரலை நீட்டச் சொன்னார்கள், நீட்டினார். ஊசியால் குத்திக் கண்ணாடித் துண்டில் இரத்தம் எடுத்தார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சென்றியில் ஏன் என்று கேட்கிற பழக்கம் எங்கள் யாருக்கும் இருக்கவில்லை.

“என்ட தம்பிய என்னகா செய்யிறாங்க?” என்று அவருடைய அக்கா என் கையைப் பிடித்தாள். நான் மேசையில் இருந்தவரிடம் காருக்குப் போக அனுமதி கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கோப்ரல், இரைகிற காருக்குப் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கமுடியாது என்று நினைத்திருக்கவேண்டும். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார்.

முதலில் அமைதி. பிறகு என்ஜினை மூடியிருந்த பொனற்றுக்குள் சோற்றுப்பானை கொதிப்பது போன்ற சத்தம். பிறகு அந்த அட்டை இதயத்தின் நடுவிலிருந்து, மல்லிகைகளுக்கு இடையால், வெள்ளையாகப் புகை வந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் பாய்ந்தார்கள். ஊசி வைத்திருந்தவர் மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு மணல் மூட்டைக்குப் பின்னால் போனார். துப்பாக்கிகள் உயர்ந்தன. அத்தான் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் தெரியும்படி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் கைகளைத் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வெளியே வந்து சிங்களத்தில் கத்தினேன்.

“காய்ச்சல் மனிதனுக்கு இல்லை! வாகனத்துக்கு!”

தமிழில் எங்கள் வீட்டுக்குள் அது ஒழுங்கான வசனம். சிங்களத்தில் வெளியே வந்ததும் பைத்தியம் பேசுவது போலிருந்தது. யாரும் அசையவில்லை. நான் திரும்பச் சொன்னேன்: தண்ணீர் கொதிக்கிறது, அது நீராவி, வேறு ஒன்றும் இல்லை. மணல் மூட்டைக்குப் பின்னால் யாரோ ஒருவர் சிரித்தார். அதன் பிறகுதான் துப்பாக்கிகள் இறங்கின.

சிரிப்பு எங்களைக் காப்பாற்றியது. காருக்கு அடுத்த ஆபத்தும் அதிலிருந்தே வந்தது. பயந்ததற்கு வெட்கப்பட்டோ என்னவோ, கோப்ரல் உதவி செய்ய முடிவெடுத்தார். தன் தகப்பனுக்கு உழவு மெஷின் இருக்கிறது, இதெல்லாம் தனக்குத் தெரியும் என்றார். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி நிறையத் தண்ணீர் மொண்டு வந்தார். பொனற்றைத் திறக்கச் சொன்னார்.

அத்தான் இறங்கிப் பொனற்றைத் திறந்தார். திறக்காமல் இருக்கமுடியாது.

“மச்சான், ஊத்த விடாத. ஹெட் போயிரும். என்ட உழைப்பெல்லாம் போயிரும்.”

தோளில் துப்பாக்கி மாட்டிய மனிதர் அன்போடு வாளியைத் தூக்குகிறார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அலுமினியம், வார்ப்பிரும்பு, சூட்டில் விரிதல் இவற்றுக்கெல்லாம் என்னிடம் சிங்களச் சொற்கள் இருக்கவில்லை. என்னிடம் இருந்தது ஏற்கெனவே குழப்பத்தை உண்டாக்கிய அந்த ஒரு சொல்.

“ஐயா,” என்றேன், “உங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத் தலையில் பச்சைத்தண்ணீர் வார்ப்பார்களா?”

வாளி பாதியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், என்ஜினைப் பார்த்தார்.

“வார்க்கமாட்டார்கள். அம்மா அடிப்பாள்.”

“இதுதான் இதன் தலை,” என்று கையால் காட்டினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்தார். கொஞ்சம் தண்ணீர் அவருடைய சப்பாத்தில் சிந்தியது. அத்தான் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

“அப்படியென்றால் இதற்கு என்ன கொடுப்பது?”

“ஆறிய பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக.”

“கொத்தமல்லி போட்டு அவிக்கவா?” என்றார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தான் சிரிக்கவில்லை, அவருக்கு விளங்கவுமில்லை.

நகரப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. கோப்ரல் அதை மறித்து மாப்பிள்ளையையும் அவருடைய அக்காவையும் ஏற்றினார்.

“பட்டு வேட்டியோட பஸ்ஸில போய் இறங்கினா பொண்ணு வீட்டாக்கள் என்ன சொல்லுவாங்க?” என்றாள் அவள்.

“சும்மா வாங்கக்கா,” என்றார் மாப்பிள்ளை. அன்று அவர் உரத்துப் பேசிய ஒரே வசனம் அது. “பஸ்ஸில காத்தெண்டாலும் வரும்.”

நாங்கள் இருவரும் வேப்பமரத்தின் கீழ் இருந்தோம். வெயில் சாய்வதற்குள் கார் அங்கிருந்து போகவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போகாவிட்டால் அது அவர்களுடைய பொறுப்பாகிவிடும், அதன் பிறகு அதற்கு என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. முன்பக்கத்துப் பூவைச் சிப்பாய்களே பிடுங்கினார்கள். அட்டை இதயத்தைக் கிழித்து உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்தார்கள். அத்தான் அடிக்கடி எழுந்துபோய் என்ஜினின் மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கையை உடனே எடுத்தால் வந்து உட்கார்ந்துவிடுவார். கொஞ்சம் தாமதித்து எடுத்தால் என் முகத்தைப் பார்ப்பார். ஒரு முறை கையை எடுக்காமலே நின்றார். அப்போது தேநீர்க் கேத்திலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வந்தது. கொத்தமல்லி இருக்கவில்லை. அத்தான் சீலைத்துண்டால் ரேடியேற்றரின் மூடியைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, ஆவி போனபின் நூல் போல ஊற்றினார்.

சாவியைத் திருப்பும்போது அவர் வேறு பக்கம் பார்த்தார். என்ஜின் இருமியது. மறுபடி திருப்பினார். பிடித்துக்கொண்டது. கோப்ரல் பொனற்றில் இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினார்.

வீடு வரும்வரை முள் பாதியில் நின்றது. அக்கா ஜன்னலால் கேட்டாள்.

“காய்ச்சல் கீச்சல் வந்ததா?”

“மாப்பிளைக்கு வந்த,” என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஒயில் மூடியைத் திறக்காமல் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

“நீ பாரு மச்சான். நீ பேப்பர்காரன். இரிக்கிறத இரிக்கிற மாதிரிச் சொல்லுவ.”

திறந்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். “கறுப்பு.”

“வெளிச்சத்தில புடிச்சுப் பாரு.”

“கறுப்புத்தான். விளிம்பில கொஞ்சம் மண்ணிறம்.”

“என்ன மண்ணிறம்? பால்தேத்தண்ணியா, பால் விடாத பிளேன்ரீயா?”

“பிளேன்ரீ.”

“வடிவாப் பாத்தியா?”

“வடிவாப் பாத்தன்.”

மூடியை வாங்கி அவரும் பார்த்தார். எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் அக்காவிடம் காட்டினார். அவளும் பிளேன்ரீ என்றாள். அதற்குப் பிறகும் அவருக்கு ஆறவில்லை. கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கோடாக ஒரு வெடிப்பு உள்ளே இருக்கலாம், அது நாளைக்கோ அடுத்த கல்யாணத்திலோ திறக்கலாம் என்று காக்கா சொல்லியிருந்தார். அந்தக் கிழமை முழுவதும் நான் கந்தோருக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி மூடியைப் பார்த்தேன். கல்யாணம் நல்லபடி நடந்ததாகவும், மாப்பிள்ளைக்கு மலேரியா என்ற கதை பஸ்ஸுக்கு முன்பே வாழைச்சேனைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகவும் கேள்விப்பட்டோம்.

பிறகு ஒருநாள் செய்தி வேலையாக வாகரைப் பக்கம் பஸ்ஸில் போனேன். அதே சென்றி. வரிசையில் அட்டையோடு நடந்தபோது அந்தக் கோப்ரல் என்னைக் கண்டுபிடித்தார். எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

“எப்படி? காய்ச்சல் சுகமா?”

“சுகம் ஐயா,” என்றேன்.

பஸ்ஸில் திரும்ப ஏறியபோது பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். சென்றிக்காரர் ஒரு பயணியிடம் குசலம் விசாரித்தால், அந்தப் பயணி யார், அவர்களுக்கு என்ன தகவல் கொடுக்கிறார் என்று ஊர் யோசிக்கிற காலம். விளக்கத் தொடங்கினால் கார், முள், கொத்தமல்லி எல்லாம் சொல்லவேண்டும். யார் நம்புவார்கள்? ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு போனேன்.

திரும்பி வந்து அத்தானிடம் அதைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“நீ என்ன சொன்ன?”

“சுகமெண்டன்.”

அவர் முகம் மாறியது.

“உனக்கென்ன விசரா மச்சான்? அப்பிடி வாய்விட்டுச் சொல்லுறதா? கண் பட்டிரும்.”

பாதி குடித்த தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பொனற்றைத் திறந்தார்.